ஒலிக்காகப் பிறந்த கோமாளிகள்

‘கோமாளிகளின் கும்மாளம்’ 1970களின் நடுப்பகுதியில் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையில் வாரந்தோறும் ஒலித்த நகைச்சுவை நாடகத் தொடர். எழுதியவர் எஸ். ராமதாஸ். மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி, ஐயர் என்ற நால்வர் அதன் நிலையான பாத்திரங்கள். வாரத்துக்கு வாரம் சிக்கல் மாறும், ஆட்கள் மாறமாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு குணம், ஒரு பேச்சு, கேட்டவுடன் அடையாளம் தெரியும் ஓர் இழுவை. தொலைக்காட்சி உலகம் ‘சிட்கொம்’ என்று பெயரிட்டு அழைக்கும் வடிவத்தின் இலக்கணம் இதுதான். இலங்கைத் தமிழர் அந்த வடிவத்தை முதலில் காதால்தான் அறிந்தார்கள்.

மரிக்கார் முஸ்லிம். அப்புக்குட்டி யாழ்ப்பாணத்தவர். உபாலி தமிழ் பேச முயலும் சிங்களவர். ஐயர் அக்கிரகாரத் தமிழ் பேசும் பிராமணர். இந்தப் பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்தவர்களைப் பார்த்தால் தொடரின் உண்மையான துணிவு விளங்கும். முஸ்லிம் மரிக்காராகப் பேசியவர் ராமதாஸ். சிங்கள உபாலியாகப் பேசியவர் எஸ். செல்வசேகரன். பிராமண ஐயராகப் பேசியவர் பி. எச். அப்துல் ஹமீட். அப்புக்குட்டியாக வந்த ரி. ராஜகோபாலைத் தவிர மற்ற மூவரும் தம் பிறப்புக்குப் புறத்தேயிருந்த ஒரு சமூகத்தின் நாவைக் கடன் வாங்கிப் பேசினார்கள். கேட்டவர்கள் அதை ஏற்றுக்கொண்டது மட்டுமல்ல, அந்தப் பெயர்களைக் கலைஞர்களின் தலையிலேயே சூட்டினார்கள். மரிக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்று அவர்கள் வாழ்நாள் முழுவதும் அழைக்கப்பட்டார்கள். ஒரு தமிழருக்கு மரிக்கார் என்பதும் இன்னொரு தமிழருக்கு உபாலி என்பதும் முன்னொட்டாக நிலைத்தது இலங்கையின் கலை வரலாற்றில் சிறிய செய்தி அன்று.

இந்த நகைச்சுவையின் அடித்தளம் மொழி. இலங்கைத் தமிழ் என்று வெளியில் இருப்பவர்கள் ஒரே பெயரால் சொல்வது உள்ளே பல பேச்சுகள். யாழ்ப்பாணப் பேச்சில் ‘உது’, ‘உவர்’, ‘உங்கை’ என்ற சுட்டுகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. பேசுபவருக்கு அருகிலும் இல்லாமல் தொலைவிலும் இல்லாமல், கேட்பவரின் பக்கத்தில் இருப்பதைக் காட்டும் அந்த உகரச் சுட்டு தமிழ்நாட்டுப் பேச்சில் மறைந்து நெடுங்காலமாகிறது. ‘செய்யிறியள்’, ‘வாறன்’ என்ற வினைமுடிவுகளும் ‘ஓம்’ என்ற ஒப்புதலும் சேர்ந்தால் அப்புக்குட்டியின் ஊரைச் சொல்ல வேண்டியதில்லை.

கொழும்பையும் தென்மேற்குக் கரையையும் சேர்ந்த முஸ்லிம்களின் பேச்சு வேறு தாளம். ‘இருக்கிறது’ அங்கே ‘ஈக்கிது’ ஆகும். ‘சொல்லு’ என்பது ‘செல்லு’ ஆகும். ‘போய்விட்டார்’ என்பது ‘பெய்த்தார்’ ஆகும். வாப்பா, உம்மா, நானா, தாத்தா என்ற உறவுப் பெயர்கள் வாக்கியத்தின் ஓட்டத்தையே மாற்றும். அதிலும் ‘தாத்தா’ என்பது அவர்களுக்கு அக்காவைக் குறிக்கும் சொல். பாட்டனைக் குறிக்கும் சொல்லாக அதைக் கேட்டுப் பழகிய தமிழ்நாட்டுக் காதுக்கு அந்த ஒரு சொல்லே போதும், உரையாடல் முழுவதும் தலைகீழாகிவிடும்.

உபாலியின் தமிழ்தான் மொழியியல் நோக்கில் மிகவும் சுவையானது. பேச்சுச் சிங்களத்தில் வினைச்சொல் ஆளுக்கும் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறுவதில்லை. நான் போனாலும் அவள் போனாலும் அவர்கள் போனாலும் வினை ஒன்றே. தமிழில் அப்படி முடியாது. போனேன், போனாள், போனார்கள் என்று ஒவ்வொன்றும் தனி வடிவம். ஆகவே சிங்களத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் தமிழ் பேசும்போது முதலில் இடறுவது வினைமுடிவில். ‘நான் போறது, அவன் வாறது’ என்று தொழிற்பெயரைக் கொண்டே எல்லாவற்றையும் முடித்துக்கொள்வார். ழகரமும் றகரமும் அவரைச் சோதிக்கும். இந்தத் தடுமாற்றத்தை நடிப்பவர் இரண்டு மொழிகளின் இலக்கணத்தையும் காதால் உள்வாங்கியிருக்க வேண்டும். வெறும் கேலியால் அது வராது. ஐயரின் பேச்சில் வரும் ‘ஆத்துக்கு’, ‘வந்துண்டு’ போன்ற வடிவங்களோ தமிழ்நாட்டு இதழ்களும் திரைப்படங்களும் இலங்கைக்கு முன்பே பழக்கியிருந்தவை.

நால்வரும் ஒரு பேச்சில் இணையும்போது ஒருவர் சொல்வதை மற்றவர் தம் பேச்சின் பொருளில் எடுத்துக்கொள்வார். அதிலிருந்து சிக்கல் முளைக்கும். இந்த வகை நகைச்சுவைக்கு உடை வேண்டாம், மேடைப் பொருள் வேண்டாம், முகபாவமும் வேண்டாம். ஒலிவாங்கிக்கு முன் நான்கு மனிதர் போதும்.

இந்தத் தொடரை மதிப்பிட திருகோணமலையைப் போன்ற ஒரு கேட்குமிடம் இலங்கையில் அரிது. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி திருகோணமலை மாவட்டத்தில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூன்று சமூகத்தவரும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினராக இருந்தனர். ஒருவரும் தனித்துப் பெரும்பான்மை இல்லை. துறைமுகம்தான் இந்தக் கலப்பின் ஒரு காரணம். பிரித்தானியக் கடற்படை 1957 ஒக்டோபரில் தளத்தை இலங்கையிடம் ஒப்படைக்கும் வரை, கப்பல் பட்டறையும் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளும் விமானத் தளமும் பல திசைகளிலிருந்து ஆட்களை இழுத்தன. யாழ்ப்பாணத்து எழுதுவினைஞரும் ஆசிரியரும் நகரில் குடியேறினர். உள்துறைமுகத்துக்கும் கொட்டியாரக் குடாவுக்கும் அப்பால் கிண்ணியாவிலும் மூதூரிலும் முஸ்லிம்கள் வயலும் கடலும் வணிகமுமாக வாழ்ந்தனர். சிங்கள மீனவரும் அரச ஊழியரும் குடியேற்றத் திட்ட விவசாயிகளும் அவர்களோடு இருந்தனர். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும் வரை நகருக்கும் கிண்ணியாவுக்கும் இடையே பாதைப் படகுதான் நேர் வழி. அந்தப் படகில் ஒரே நேரத்தில் நின்றவர்களின் பேச்சைக் கேட்டால், மரிக்காரும் அப்புக்குட்டியும் உபாலியும் கற்பனையில் உதித்தவர்கள் அல்லர் என்பது தெரியும்.

ஆனாலும் ஒரு வேறுபாட்டைக் குறிக்க வேண்டும். மரிக்கார் என்ற பெயரும் அவர் பேச்சும் மேற்குக் கரைக்கு உரியவை. கிண்ணியா, மூதூர் முஸ்லிம்களின் தமிழ் கிழக்கின் தமிழ். அது அயலிலுள்ள தமிழ்க் கிராமங்களின் பேச்சுக்கு மிக நெருக்கமானது. உறவுப் பெயர்களிலும் சமயச் சொற்களிலும்தான் அது பெரிதும் பிரியும். ஆகவே கிண்ணியாவில் தொடரைக் கேட்ட ஒரு முஸ்லிமுக்கு மரிக்கார் ‘நம்மவர்’ என்பதைவிடக் ‘கொழும்பார்’ என்றே முதலில் ஒலித்திருப்பார். திருகோணமலைத் தமிழருக்கும் அப்புக்குட்டி அவ்வாறே. அவர் யாழ்ப்பாணத்தார், உள்ளூரார் அல்லர். தொடரின் நாடு கொழும்பு. நான்கு பேச்சுகளும் அன்றாடம் சந்திக்கும் தலைநகரின் கண்ணோட்டத்தில்தான் அது எழுதப்பட்டது. கிழக்கின் பேச்சுக்கு அந்த நால்வரிடையே ஒரு நாற்காலி போடப்படவில்லை. இது தொடரின் குறை என்றே கொள்ளத்தக்கது. மட்டக்களப்பு, திருகோணமலைப் பேச்சுகள் வானொலி நகைச்சுவையில் பெற வேண்டிய இடத்தை அந்த நாள்களில் பெறவில்லை.

தொடர் வெறுமையிலிருந்து எழவில்லை. 1925 டிசம்பரில் கொழும்பில் ஒலிபரப்பு முறையாகத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியக் கூட்டுப் படைத் தலைமை தன் படையினருக்காக நடத்திய ‘ரேடியோ சியாக்’ நிலையத்தின் ஆற்றல் மிக்க சிற்றலைக் கருவிகள் 1949இல் இலங்கை அரசின் கைக்கு வந்தன. கிழக்குக் கடற்படை திருகோணமலையில் நங்கூரமிட்டிருந்த போரின் எச்சம் அது. அந்தக் கருவிகளின் பலத்தில்தான் ரேடியோ சிலோன் இந்தியா முழுவதையும் எட்டியது. 1950இல் வர்த்தக சேவை தொடங்கியது. 1967இல் ரேடியோ சிலோன் கூட்டுத்தாபனமாயிற்று.

நாடகப் பிரிவில் ‘சானா’ என்று அறியப்பட்ட சண்முகநாதன் பேச்சுத் தமிழுக்குக் கதவைத் திறந்தவர். இலங்கையர்கோன் எழுதிய ‘விதானையார் வீட்டில்’, ‘லண்டன் கந்தையா’ போன்ற தொடர்கள் யாழ்ப்பாணப் பேச்சை எழுத்துத் தமிழின் வேலிக்கு வெளியே கொண்டுவந்து ஒலிவாங்கியின் முன் நிறுத்தின. பின்னர் எஸ். ஜேசுரட்ணத்தின் ‘முகத்தார் வீட்டில்’ அதே வழியில் நடந்து, அவருக்கே ‘முகத்தார்’ என்ற பெயரைத் தந்தது. இவை எல்லாம் ஒரு வீட்டின், ஓர் ஊரின் நகைச்சுவை. கேட்பவரும் பாத்திரமும் ஒரே முற்றத்தில் நிற்பார்கள். ராமதாஸ் செய்தது இந்த முற்றத்தின் மதிலைத் தட்டியது. யாழ்ப்பாணப் பேச்சு அவரிடம் நான்கில் ஒன்று மட்டுமே. அதுவும் மற்ற மூன்றைப் போலவே சிரிப்புக்கு உள்ளாகும்.

வானொலியில் வெற்றி பெற்ற நகைச்சுவை படத்துக்கு மாறும்போது என்ன ஆகும் என்ற கேள்வியை உலகம் இலங்கைக்கு முன்பே சந்தித்திருந்தது. தொலைக்காட்சியின் முதல் நகைச்சுவைத் தொடர் என்று கருதப்படும் ‘பின்ரைட்ஸ் புரொகிரஸ்’ 1946 நவம்பர் 29 அன்று லண்டனில் பி.பி.சி.யின் அலெக்ஸாந்திரா அரண்மனை நிலையத்திலிருந்து தொடங்கியது. ஒரு சிறு கடையின் முதலாளியான பின்ரைட்டாக ஜேம்ஸ் ஹேய்ட்டர் நடித்தார். எழுதியவர் ரொட்னி ஹொப்சன். போர்க்கால வானொலி நகைச்சுவையான ‘இட்மா’வை எழுதிப் புகழ்பெற்ற டெட் கவனா பிரதியைச் சீர்செய்தார்; வானொலியின் கை அங்கேயும் இருந்தது. இரு வாரத்துக்கு ஒன்றாகப் பத்து நிகழ்ச்சிகள் நேரடியாக ஒளிபரப்பாகி, 1947 மே மாதத்தில் தொடர் முடிந்தது. ஒன்றுகூடப் பதிவு செய்யப்படவில்லை. சில நிழற்படங்களே எஞ்சின.

அமெரிக்காவின் ‘ஏமொஸ் அண்ட் அண்டி’ இன்னும் கடுமையான பாடம். 1928இல் சிக்காகோவில் தொடங்கிய அந்த வானொலித் தொடரில் இரண்டு கறுப்பினத்தவரின் பேச்சை ஃப்ரீமன் கொஸ்டன், சார்ள்ஸ் கொரெல் என்ற இரு வெள்ளையர் பேசினர். நாடே கேட்டது. 1951இல் அது தொலைக்காட்சிக்கு வந்தபோது வெள்ளையர் நடிக்க வழியில்லை, கறுப்பின நடிகர்கள் வந்தனர். கறுப்பின மக்களின் உரிமை அமைப்பு கடுமையாக எதிர்த்தது. 1953இல் புதிய நிகழ்ச்சிகள் நின்றன. காதுக்கு வேடிக்கையாக இருந்த ஒன்று கண்ணுக்கு முன் வந்ததும், யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்ற கேள்வியும் கூடவே வந்தது.

இலங்கையின் நால்வரை இந்தத் தராசில் நிறுத்தினால் ஒரு முக்கிய வேறுபாடு தெரியும். அமெரிக்கத் தொடரில் சிரித்தவர் பெரும்பான்மையினர், சிரிப்புக்கு உள்ளானவர் ஒடுக்கப்பட்டவர். ‘கோமாளிகளின் கும்மாள’த்திலோ எல்லாரும் எல்லாரையும் பகடி செய்தார்கள். ஒரு முஸ்லிம் கலைஞர் பிராமணராக, ஒரு தமிழர் முஸ்லிமாக, இன்னொரு தமிழர் நாட்டின் பெரும்பான்மை இனத்தவராக மாறினார்கள். ஒருவரை ஒருவர் பேசிக்காட்டும் உரிமை சமமாகப் பங்கிடப்பட்டிருந்தது. சிங்களத்தில் தடுமாறும் தமிழரைக் கேலி செய்வது அந்நாளில் எளிது. தமிழில் தடுமாறும் சிங்களவரைப் பார்த்து அன்போடு சிரிக்கவைத்தது அதன் மறுபக்கம். 1956இன் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பின் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு அந்தத் தலைகீழ் நிலை தந்த ஆறுதலைக் குறைத்து மதிப்பிடக்கூடாது.

தொடரின் புகழ் அதைத் திரைக்குக் கொண்டுபோனது. ‘கோமாளிகள்’ என்ற பெயரில் 1976இல் வெளிவந்த படத்தை எஸ். ராமநாதன் இயக்கினார். எழுத்து ராமதாஸுடையது. வானொலியின் நால்வரும் அதே பாத்திரங்களில் திரையில் தோன்றினார்கள். சில்லையூர் செல்வராசனும் கமலினி செல்வராசனும் உடன் நடித்தனர். இசை கண்ணன் – நேசம் இரட்டையருடையது. அந்த ஆண்டுகள் உள்ளூர்ப் படங்களுக்குச் சற்றே மூச்சுவிட இடம் தந்தவை. 1970இல் ஆட்சிக்கு வந்த அரசு இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் உருவானது. தென்னிந்திய இதழ்களும் படங்களும் தாராளமாக வந்து குவிவது குறைந்தது. 1962இல் ‘சமுதாயம்’ என்ற படத்தோடு தொடங்கிய இலங்கைத் தமிழ்த் திரைப்பட முயற்சியில், மக்கள் தாமாகத் தேடிவந்து பார்த்த படங்களுள் ‘கோமாளிகள்’ ஒன்றாக அமைந்தது. காதால் மட்டும் அறிந்தவர்களின் முகத்தைக் காணும் ஆவலே அவர்களைத் திரையரங்குக்கு இழுத்தது.

அந்த ஆவல் ஒருமுறைக்குத்தான் உதவும். திரையில் மரிக்காருக்குத் தொப்பியும் ஐயருக்குக் குடுமியும் வேண்டியிருந்தன. வானொலியில் குரல் மட்டுமே செய்த வேலையை இப்போது ஒப்பனை செய்தது. குரலைக் கேட்டுக் கேட்பவர் தமக்குள் வரைந்துகொண்ட மரிக்கார், ஆளுக்கொருவர். திரையின் மரிக்கார் ஒரே ஒருவர். தொடர்ந்து 1978இல் ‘ஏமாளிகள்’ வந்தது. 1977இல் ஆட்சி மாறித் திறந்த பொருளாதாரம் வந்ததும் உள்ளூர்ப் படங்களுக்கிருந்த சிறு பாதுகாப்பு கரைந்தது.

தொலைக்காட்சி அதன் பிறகே இலங்கைக்கு வந்தது. 1979 ஏப்ரல் 13 அன்று ஐ.ரி.என். தனியார் முயற்சியாகக் கொழும்பை அண்டிய சிறு வட்டத்தில் ஒளிபரப்பத் தொடங்கியது. இரண்டு மாதம் ஆகுமுன், ஜூன் 5 அன்று, அரசு அதைப் பொறுப்பேற்றது. ஜப்பானின் உதவியுடன் அமைந்த ரூபவாகினி 1982 பெப்ரவரி 15 அன்று தொடங்கியது. கொழும்பில் வானொலித் தமிழ்ச் சேவை ஓர் அரை நூற்றாண்டாகச் சேர்த்துவைத்திருந்த எழுத்தாளரும் குரல்களும் தொலைக்காட்சிக்குக் கிடைத்த ஆயத்தமான செல்வம். நால்வகைப் பேச்சைக் கொண்ட ஒரு வாராந்தத் தமிழ் நகைச்சுவைத் தொடருக்கு அதைவிட நல்ல தருணம் இருந்திருக்க முடியாது. பக்கத்து நாட்டில் 1984இல் தூரதர்ஷனில் ‘யே ஜோ ஹை ஸிந்தகி’ வந்தபோது சதீஷ் ஷா ஒருவரே வாரத்துக்கொரு வேடத்தில், வெவ்வேறு மாநிலத்தவரின் இந்தியைப் பேசி வீடுகளைச் சிரிக்கவைத்தார். அந்த உத்தியைக் கொழும்புக் கலைஞர்கள் அதற்குப் பத்தாண்டு முன்பே நால்வராகச் செய்து முடித்திருந்தார்கள்.

ரூபவாகினி தொடங்கிப் பதினேழு மாதத்தில் 1983 ஜூலை வந்தது. கொழும்பில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. தமிழ்ப் படங்களின் மூலப்படச் சுருள்கள் உட்பட எத்தனையோ படங்கள் இருந்த ஹெந்தளை விஜயா கலையகமும் எரிந்தது. தமிழ்க் கலைஞர் பலர் தமிழ்நாட்டுக்கும் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் சிதறினர். மரிக்காரும் அப்புக்குட்டியும் உபாலியும் ஒரே இடத்தில் நின்று ஒருவரை ஒருவர் கிண்டல் செய்வதற்கு நம்பிக்கை ஒன்று தேவை. கேட்பவர் மனத்தில் அச்சம் இருக்கக்கூடாது. அந்த நிலைமை 1983க்குப் பின் இல்லை. திருகோணமலையிலும் அதே ஜூலையில் தீவைப்பு நடந்தது. 1985இலும் 1990இலும் நகரைச் சுற்றிய கிராமங்கள் காலியாயின. தொலைக்காட்சியில் இந்த வகைத் தமிழ் நகைச்சுவை வேரூன்றாமல் போனதற்குக் கலைஞரின் திறமைக் குறைவு காரணம் அன்று. அவர்கள் யாரைப் பார்த்துப் பேசினார்களோ அந்தக் கலந்த கூட்டம் உடைந்துபோனது.

அதே பத்தாண்டில்தான் திருகோணமலைக்கு ஒரு பெரும் ஒலிபரப்பு நிலையம் வந்தது. நகருக்கு வடக்கே பெர்க்கராவில் ஜெர்மனியின் டொய்ச்சே வெல்லே ஆற்றல் மிக்க சிற்றலை, மத்திய அலை அஞ்சல் ஒலிபரப்பு நிலையம் ஒன்றை அமைத்தது. ஆசியாவின் தொலைநாடுகளுக்கு அங்கிருந்து ஒலி சென்றது. 2013இல் ஜெர்மானியர் அதைவிட்டு விலக, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் பொறுப்பேற்றது. கிழக்கில் அவ்வளவு பெரிய கோபுரங்கள் நின்ற காலம் முழுவதும், கிழக்கின் பேச்சில் ஒரு நகைச்சுவைத் தொடர் அவற்றின் வழியே உலகுக்குப் போகவில்லை.

கலைஞர்களின் பிற்கால வாழ்க்கை பல திசைகளில் சென்றது. அப்துல் ஹமீட் வானொலியில் வளர்த்த ‘பாட்டுக்குப் பாட்டு’ தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிக்கே சென்று அவரை இரு கரைகளிலும் அறியச் செய்தது. குரல் ஒன்றே முதலாக இருந்த ஒருவர் தொலைக்காட்சியை வெல்ல முடியும் என்பதற்கு அவரே சான்று. ராமதாஸ் 2016இல் காலமானார். அவரைப் பற்றிய அஞ்சலிக் குறிப்புகள் பலவும் அவரை மரிக்கார் என்றே அழைத்தன.

வானொலி நாடகத்தின் பிரதி ஒலிபரப்பு முடிந்ததும் பெறுமதி இழந்த தாளாகக் கருதப்பட்டது. ஒலிநாடா விலை உயர்ந்த பொருளாக இருந்ததால் அழித்து மீண்டும் பயன்படுத்துவது உலகின் பல நிலையங்களில் வழக்கம். ஆகவே நிலையத்துக்கு வெளியே கேட்போர் செய்த பதிவுகளே இந்த வகை நிகழ்ச்சிகளுக்குப் பெரும்பாலும் கடைசிப் புகலிடம். 1970களின் இறுதியில் கேசட் ரேடியோ வீடுகளுக்கு வந்தபோது, விரும்பிய நிகழ்ச்சியைப் பதிந்து வைப்பது பரவலாயிற்று. திருகோணமலை மாவட்டத்தில் அந்த நாடாக்களுக்கு நேர்ந்தது கொஞ்சமன்று. 1985, 1990 இடப்பெயர்வுகளில் பெட்டிகள் கைவிடப்பட்டன. 2004 டிசம்பர் 26 அன்று கடல் கரையோர வீடுகளைக் கொண்டுபோனது. 2006இல் போரினால் மூதூர் முழுவதும் ஊரைவிட்டு வெளியேறி நடந்தது.

எஞ்சியவை இன்னும் இருக்கக்கூடும். தமிழ் ஒலிப்பதிவுகளையும் ஆவணங்களையும் எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலக நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. கேசட் நாடாவின் காந்தப் பூச்சு ஆண்டுதோறும் உதிர்ந்துகொண்டே இருப்பது. நிலாவெளியிலோ கிண்ணியாவிலோ மூதூரிலோ, அல்லது டொரொண்டோவிலோ சென்னையிலோ, பழைய வானொலி நாடகம் பதிந்த ஒரு நாடா அலுமாரியில் கிடந்தால், அதன் உறையில் தேதி எழுதாதிருந்தாலும், பெயர் தெரியாதிருந்தாலும், அதை எறிய வேண்டாம். இந்த ஆண்டே ஒரு பிரதி எடுத்து நூலகத்துக்கு அனுப்புங்கள்.